பெற்றோருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தபின்: தொடக்க வாரங்களில் பிள்ளைகள் செய்ய வேண்டியவை

ஸ்கேன் அறிக்கையில் நுரையீரலில் கட்டி இருப்பதாக எழுதப்பட்ட நாளுக்கும், முதல் மருந்து உடலில் ஏறும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் சில வாரங்கள் கழிந்துவிடுகின்றன. பிள்ளைகள் மிகவும் தவித்துப்போவது அந்த வாரங்களில்தான். நாள் போய்க்கொண்டே இருக்கிறதே, இன்னும் ஒன்றும் தொடங்கவில்லையே என்று மனம் பதறும். ஆனால் இந்த நோயில் குடும்பங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: பரிசோதனை முடிவுகள் வருவதற்குள் ஏதாவது ஒரு சிகிச்சையைத் தொடங்கிவிட அவசரப்படுவது ஒன்று, சிகிச்சை தொடங்கிய பிறகு நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருப்பது இன்னொன்று. எதற்குப் பொறுக்கலாம், எதற்கு ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாது என்று பிரித்தறியக் கற்றுக்கொண்டாலே பிள்ளைகளின் வேலையில் பாதி முடிந்துவிடும். கீழே உள்ளவை அதற்கான வழிகாட்டுதல்களே. உங்கள் பெற்றோரின் உடலை நேரில் பார்த்த மருத்துவர் சொல்வது இதற்கு மாறாக இருந்தால், அவர் சொல்வதையே பின்பற்றுங்கள்.

முழு விவரம் வரும்வரை

நுரையீரல் புற்றுநோய் என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் அடங்கியிருக்கின்றன. நோயாளிகளில் ஏறக்குறைய 85 சதவீதத்தினருக்கு வருவது ‘சிறுசெல் அல்லாத’ வகை. அதிலும் அடினோகார்சினோமா, ஸ்குவாமஸ் என்று பிரிவுகள் உண்டு. மீதமுள்ள ‘சிறுசெல்’ வகை வேகமாகப் பரவக்கூடியது, கீமோதெரபிக்குத் தொடக்கத்தில் நன்றாகக் கட்டுப்படக்கூடியது. ஆகவே அந்த வகை என்று பயாப்சி (கட்டியிலிருந்து சிறிது திசு எடுத்துச் செய்யும் பரிசோதனை) சொன்னால் மருத்துவர்கள் சில நாட்களிலேயே சிகிச்சையைத் தொடங்கிவிட விரும்புவார்கள். பொறுத்திருப்பதைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் முதல் வகைக்கு மட்டுமே பொருந்தும்.

வகை தெரிந்த பிறகு, நோய் எதுவரை பரவியிருக்கிறது என்பது தெரிய வேண்டும். இந்தப் புற்றுநோய் மூளை, எலும்பு, கல்லீரல், சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பி ஆகிய இடங்களுக்குப் பரவும் இயல்புடையது என்பதால்தான் பெட் ஸ்கேனும் மூளைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறார்கள். தலைவலியே இல்லாதவருக்கு எதற்கு மூளை ஸ்கேன் என்று அதைத் தள்ளிப்போட வேண்டாம். பரவலைக் கொண்டு நோயை நான்கு நிலைகளாகப் பிரிப்பார்கள். பொதுவாகச் சொன்னால், முதல் இரண்டு நிலைகளில் அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பு அதிகம். அறுவை சிகிச்சையை உடல் தாங்காது என்றால், கட்டியை மட்டும் குறிவைத்துச் சில அமர்வுகளிலேயே முடியும் உயர் அளவுக் கதிர்வீச்சு உண்டு. மூன்றாம் நிலையில் கீமோவையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்து, அதன்பின் இம்யூனோதெரபியை (உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் சிகிச்சை) தொடர்வது பலருக்கு நடைமுறை. நான்காம் நிலையில் உடல் முழுவதும் சென்று வேலை செய்யும் மருந்துகளே முதன்மையானவை.

மூன்றாவதாக வருவதுதான் பலரும் பொறுமை இழக்கும் கட்டம். பயாப்சியில் எடுத்த திசுவில் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே., ஆர்.ஓ.எஸ்.1, பி.ஆர்.ஏ.எஃப்., கே.ராஸ், மெட், ரெட் முதலான மரபணுக்களில் மாற்றம் இருக்கிறதா என்றும், இம்யூனோதெரபி பலன் தருமா என்று கணிக்க உதவும் பி.டி.எல்.1 என்ற புரதம் எத்தனை சதவீதச் செல்களில் காணப்படுகிறது என்றும் பார்ப்பார்கள். இதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். புகைபிடிக்கும் பழக்கமே இல்லாதவர்களிடம் இத்தகைய மரபணு மாற்றங்களில் பல கூடுதலாகக் காணப்படுகின்றன. மாற்றம் இருப்பது உறுதியானால், கீமோவுக்குப் பதிலாக வீட்டிலேயே விழுங்கும் மாத்திரை ஒன்று முதல் சிகிச்சையாக அமைய வாய்ப்பு இருக்கிறது. முடிவு வருவதற்குள் அவசரப்பட்டு இம்யூனோதெரபியைத் தொடங்கிவிட்டு, பிறகு ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருப்பது தெரிந்து ஆசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினால், நுரையீரலில் கடுமையான அழற்சி வரும் ஆபத்து கூடுகிறது. அதுவரை காத்திருக்க முடியாத அளவுக்கு உடல்நிலை மோசமாக இருந்தால், மருத்துவர்கள் இம்யூனோதெரபியைச் சேர்க்காமல் முதல் சுற்றுக்குக் கீமோவை மட்டும் கொடுப்பதும் உண்டு. ஆகவே “எப்போது தொடங்குவீர்கள்?” என்று கேட்பதைவிட, “மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியாகிவிட்டதா? எந்தெந்த மரபணுக்களைப் பார்க்கிறார்கள்? முடிவு எப்போது வரும்?” என்று கேட்பது பயனுள்ளது.

சில சமயங்களில் எடுத்த திசு போதவில்லை என்று பதில் வரும். ஊசியால் துளியளவு எடுக்கும் பயாப்சியில் இது நடப்பதுதான். யார் மீதும் கோபப்பட வேண்டியதில்லை. ரத்தத்திலிருந்தே இந்த மாற்றங்களைக் கண்டறியும் பரிசோதனை இருக்கிறது; அதில் மாற்றம் தென்பட்டால் நம்பலாம், தென்படாவிட்டால் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்க விரும்பினால் அதற்கேற்ற நேரமும் இந்த வாரங்கள்தான். அறிக்கைத் தாள்கள் மட்டும் போதாது. ஸ்கேன் படங்கள் பதிந்த சி.டி., பயாப்சியின் கண்ணாடி ஸ்லைடுகள், மெழுகில் பதித்த திசு பிளாக் ஆகியவற்றையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். பிளாக்கை வாங்கும்போது கையெழுத்திட்ட ரசீதின் நகலை வைத்துக்கொள்வது நல்லது. பின்னாளில் புதிய பரிசோதனை ஒன்று தேவைப்பட்டால் முதலில் தேடுவது அந்த பிளாக்கைத்தான்.

எவ்வளவு சொல்வது

அப்பாவுக்குத் தெரிந்தால் உடைந்துபோவார், அம்மாவிடம் சாதாரணக் கட்டி என்றே சொல்லிவையுங்கள் என்று மருத்துவர் அறைக்குள் நுழைவதற்கு முன்பே கெஞ்சும் பிள்ளைகள் ஏராளம். அது அன்பினால் வருவதுதான். ஆனாலும் அது வேலைக்கு ஆவதில்லை. மருத்துவமனைப் பிரிவின் பெயர்ப்பலகையிலிருந்து, பக்கத்து நாற்காலியில் முடி உதிர்ந்து அமர்ந்திருப்பவர்வரை, எல்லாமே அவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகின்றன. பிறகு பிள்ளைகளுக்காகத் தெரியாததுபோல அவர்கள் நடிப்பார்கள், அவர்களுக்காகப் பிள்ளைகள் நடிப்பார்கள். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லக்கூட இடமில்லாத வீடாக அது மாறிவிடும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடப்போவது அவர்கள். பக்கவிளைவு தெரிந்தால் உடனே சொல்ல வேண்டியவர்களும் அவர்கள்தான்.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட வேண்டும் என்பதில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்பதை அவர்களிடமே கேட்டுவிடுவதுதான் நேர்வழி. “அப்பா, ரிசல்ட் வந்ததும் டாக்டர் எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்லை முக்கியமானதை மட்டும் சொன்னா போதுமா?” என்று பயாப்சி முடிவு வருவதற்கு முன்பே, வீட்டில் அமைதியாக இருக்கும் நேரத்தில் கேளுங்கள். “விவரமெல்லாம் எனக்கு வேண்டாம், நீயே பார்த்துக்கோ” என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது அவர்கள் எடுத்த முடிவு. அதை மதிக்க வேண்டும். சில வாரங்கள் கழித்து இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள், மனம் மாறியிருக்கலாம்.

புகைபிடித்தவராக இருந்தால், “அப்பவே சொன்னேனே” என்ற வார்த்தை எந்தக் கோபத்திலும் வாயிலிருந்து வரக் கூடாது. அதை அவர் தனக்குத்தானே ஆயிரம் முறை சொல்லிக்கொண்டிருப்பார். ஆனால் இனி விட்டு என்ன பயன் என்று அவர் சொன்னால், பயன் இருக்கிறது என்று தெளிவாகச் சொல்லுங்கள்: இப்போது நிறுத்தினாலும் அறுவை சிகிச்சைக் காயம் நன்றாக ஆறும், சிகிச்சையைத் தாங்கும் வலு கூடும். நிறுத்துவதற்கு மருந்துகள் உண்டு, மருத்துவரிடம் கேட்கலாம். ஒருபோதும் புகைத்திராத அம்மாவைப் பார்க்க வருபவர்கள் “சிகரெட் பழக்கமே இல்லையே, எப்படி வந்தது?” என்று துருவிக்கொண்டிருந்தால், புகைக்காதவர்களுக்கும் இந்த நோய் வரும் என்று நீங்களே பதில் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுங்கள்.

மருத்துவர் முன்னால்

மருத்துவர் “எப்படிம்மா இருக்கீங்க?” என்று கேட்டதும், “நல்லா இருக்கேன் டாக்டர்” என்று சொல்லும் அம்மா, அந்த வாரம் முழுவதும் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கியவராக இருப்பார். டாக்டரிடம் குறை சொல்லக் கூடாது என்ற கூச்சமோ, சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயமோ காரணமாக இருக்கலாம். அங்கேயே குறுக்கிட்டு மறுத்துப் பேசினால் அவர் முகம் வாடிவிடும். முந்தைய நாள் இரவே ஒரு தாளில் “படுத்துத் தூங்க முடியவில்லை, இரண்டு தலையணை போதவில்லை, குளியலறைவரை நடந்தால் நின்று மூச்சு வாங்குகிறார், எடை இவ்வளவு குறைந்திருக்கிறது” என்று எழுதி, அவருக்குப் படித்துக்காட்டி, அவர் சம்மதத்துடனேயே மருத்துவரிடம் கொடுப்பது இருவருக்கும் மரியாதையான வழி.

இது வெறும் தகவலுக்காக மட்டுமல்ல. நோயாளி தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறாரா, பகலில் எவ்வளவு நேரம் படுக்கையில் இருக்கிறார் என்பதைக் கொண்டு புற்றுநோய் மருத்துவர்கள் உடல்திறனுக்கு 0 முதல் 4 வரை ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். இயல்பாக நடமாடுபவருக்கு 0. முழுக்கப் படுக்கையில் இருப்பவருக்கு 4. எந்த மருந்தை எந்த அளவில் கொடுக்கலாம் என்பதில் அந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே நிலைமையை மறைப்பதும் தவறு, பரிதாபத்தில் மிகைப்படுத்துவதும் தவறு.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றில் தலையாயது, இந்தச் சிகிச்சையின் நோக்கம் முழுமையாகக் குணப்படுத்துவதா, அல்லது நோயைக் கட்டுப்படுத்தி நன்றாக வாழவைப்பதா என்பது. கேட்கத் தயக்கமாக இருக்கும்; ஆனால் இந்தப் பதில் தெரியாமல் மற்ற எந்த முடிவையும் சரியாக எடுக்க முடியாது. அடுத்து, ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளின் முழுப் பட்டியலையும் காட்டுங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் பயாப்சிக்கு முன்பே சொல்ல வேண்டும். ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப் போன்ற மாத்திரைகள் உடலில் சேர்வதை வயிற்று அமிலத்தைக் குறைக்கும் சாதாரண மாத்திரைகள்கூடக் குறைத்துவிடும். யாரோ நம்பிக்கையோடு சொல்லித் தொடங்கிய மூலிகைப் பொடியையும் பட்டியலில் எழுதுங்கள். மருத்துவர் திட்டுவாரே என்று மறைத்தால், கல்லீரல் பரிசோதனை முடிவு மாறும்போது காரணம் தெரியாமல் எல்லோரும் குழம்ப நேரிடும்.

இணையத்தில் கிடைக்கும் ‘ஐந்தாண்டுப் பிழைப்பு விகிதம்’ பற்றி ஒரு வார்த்தை. அந்த எண்ணைக் கணக்கிட வேண்டுமானால் நோய் கண்டறியப்பட்டு ஐந்து ஆண்டுகளாவது கடந்தவர்களைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். இன்று கிடைக்கும் மருந்துகளில் சில அவர்களுக்குக் கிடைத்திருக்காது. தூக்கம் வராத இரவில் தேடிப் படிப்பதற்கு அதைவிடப் பயனற்ற எண் வேறில்லை என்பது என் கருத்து.

சிகிச்சை தொடங்கிய பிறகு

கீமோ பெரும்பாலும் 21 நாட்களுக்கு ஒரு சுற்றாக, இரண்டு மருந்துகளைச் சேர்த்து, நான்கு முதல் ஆறு சுற்றுகள்வரை கொடுக்கப்படுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரியான போக்கு உண்டு: முதல் சில நாட்கள் குமட்டலும் அசதியும், ஏறத்தாழ 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள்வரை ரத்த வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் காலம், மூன்றாவது வாரத்தில் உடல் தேறிவரும். முதல் சுற்றின் நாட்களைக் காலண்டரில் குறித்துவைத்தால், உறவினர் வருகை, வெளியே சென்றுவருவது ஆகியவற்றை மூன்றாவது வாரத்துக்குத் திட்டமிடலாம். வாந்தித் தடுப்பு மாத்திரையை வாந்தி வந்த பிறகு தேடாமல், எழுதிக்கொடுத்த நேரப்படி முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். உடன் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், சர்க்கரையை ஏற்றும். நீரிழிவு இருப்பவர்களுக்கு அந்த நாட்களில் சர்க்கரையைக் கூடுதலாகப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். பெமிட்ரெக்செட் என்ற மருந்து என்றால், ஃபோலிக் அமில மாத்திரையும் வைட்டமின் பி12 ஊசியும் ஒரு வாரத்துக்கு முன்பே தொடங்கப்பட வேண்டும். அந்த மாத்திரையைச் சாதாரணச் சத்து மாத்திரை என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். கீமோ ஏறிய பிறகு ஏறக்குறைய இரண்டு நாட்களுக்குச் சிறுநீர், வாந்தி ஆகியவற்றில் மருந்தின் எச்சம் இருக்கும் என்பதால், சுத்தம் செய்பவர் கையுறை அணிய வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை அவர் செய்யக் கூடாது. ஆனால் தொடுவதற்கும் அணைப்பதற்கும் பக்கத்தில் உட்காருவதற்கும் எந்தத் தடையும் இல்லை.

இம்யூனோதெரபியின் குணம் வேறு. அது உடலின் எதிர்ப்பாற்றலையே தூண்டிவிடுவதால், அந்த எதிர்ப்பாற்றல் நுரையீரல், குடல், கல்லீரல், தைராய்டு என்று எந்த உறுப்பின் மீதும் திரும்பக்கூடும். சிகிச்சை நின்று மாதங்கள் கழித்தும் அது நடக்கலாம். புதிதாக வந்த இருமல், திடீரென்று கூடிய மூச்சிரைப்பு, அடிக்கடி போகும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துச் சமாளிக்காதீர்கள். வேறொரு மருத்துவரிடமோ அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கோ போக நேர்ந்தால், “இவர் இம்யூனோதெரபியில் இருக்கிறார்” என்பதுதான் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்.

இலக்கு மாத்திரைகள், அதாவது மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்குத் தோலில் பருபோன்ற தடிப்பு, வயிற்றுப்போக்கு, நகக்கண்ணில் புண் ஆகியவை வருவதுண்டு. இவற்றுக்கெல்லாம் மருந்து இருக்கிறது. நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது, மறந்துபோன வேளைக்குச் சேர்த்து இரண்டாக விழுங்கவும் கூடாது. மார்பில் கதிர்வீச்சு வாரக்கணக்கில் தொடரும்போது உணவுக்குழாய் புண்பட்டு விழுங்கும்போது வலிக்கும். கதிர்வீச்சு முடிந்து சில வாரங்களிலோ மாதங்களிலோ வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வந்தால், அது சாதாரணச் சளியாக இல்லாமல் கதிர்வீச்சினால் வந்த நுரையீரல் அழற்சியாகவும் இருக்கலாம் என்பதால் தெரிவித்துவிட வேண்டும்.

விடியும்வரை காத்திருக்கக் கூடாதவை

கீமோ எடுத்துக்கொண்டிருப்பவருக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், அது மருத்துவ அவசரம். வெள்ளணு குறைந்த உடலில் ஒரு தொற்று சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம் என்று நினைக்காதீர்கள். வெப்பம் இறங்கிவிடும், தொற்று இறங்காது. தெர்மாமீட்டர் எங்கே இருக்கிறது, நள்ளிரவில் எந்த எண்ணை அழைக்க வேண்டும், எந்த அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் முதல் சுற்றுக்கு முன்பே வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நடுக்கம் இருந்து காய்ச்சல் இல்லாவிட்டாலும் அழைத்துக் கேளுங்கள்.

முதுகுவலியோடு கால்கள் பலமிழப்பது, மரத்துப்போவது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது ஆகியவை தண்டுவடம் அழுத்தப்படுவதன் அறிகுறிகளாக இருக்கலாம். நடக்கும் திறனைக் காப்பாற்ற இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். முகமும் கழுத்தும் வீங்கி, குனிந்தால் தலை கனத்துப்போவது மார்பின் பெரிய ரத்தக்குழாய் நெருக்கப்படுவதைக் குறிக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்குவதும், திடீரென்று மூச்சு முட்டுவதும் ரத்தக்கட்டியாக இருக்கலாம். சளியில் கோடாகத் தெரியும் ரத்தத்தை அன்றே சொல்ல வேண்டும். வாய்நிறைய ரத்தம் வந்தால் உடனே கிளம்ப வேண்டும். புதிய தலைவலி, வலிப்பு, முன்னுக்குப்பின் முரணான பேச்சு ஆகியவையும் அப்படியே. குழப்பத்துக்கு மூளைதான் காரணம் என்பதில்லை. ரத்தத்தில் சோடியம் குறைந்தாலும் கால்சியம் கூடினாலும் அப்படி ஆகும், இரண்டையும் சரிசெய்ய முடியும்.

மூச்சும் வலியும் உணவும்

மூச்சிரைப்பைவிட நோயாளியையும் பார்ப்பவரையும் ஒருசேரப் பயமுறுத்துவது வேறொன்றும் இல்லை. அந்த நேரத்தில் “ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை” என்று பதறிச் சூழ்ந்துகொள்வதைவிட, ஒருவர் மட்டும் அருகில் அமர்ந்து, அவரைச் சற்று முன்னால் சாய்ந்து முழங்கைகளை மேசையிலோ தொடையிலோ ஊன்றவைத்து, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக வெளியே விடச் சொல்வது பலன் தரும். கையடக்க மின்விசிறி ஒன்றை மூக்கும் கன்னமும் படும்படி பிடித்தால் மூச்சிரைப்பு உணர்வு உண்மையிலேயே தணிகிறது. இவை போதாதபோது குறைந்த அளவு மார்ஃபின் உதவும்; அதன் பெயரைக் கேட்டதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று பொருள்கொள்ள வேண்டாம். மலச்சிக்கல் மருந்தையும் கூடவே கேட்டு வாங்குங்கள், அவ்வளவுதான்.

வலி, மூச்சிரைப்பு போன்ற தொல்லைகளைக் குறைப்பதையே வேலையாகக் கொண்ட நோய்த்தணிப்பு மருத்துவக் குழுவைத் தொடக்கத்திலேயே சந்திக்கக் கேளுங்கள். அது கடைசி நாட்களுக்கானது என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. பாஸ்டனில் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பரவிய நிலையிலிருந்த நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரில், வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே நோய்த்தணிப்புக் கவனிப்பையும் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்தவர்களாக இருந்தார்கள். இறுதிக்கட்டத்தில் கடுமையான சிகிச்சைகளைக் குறைவாகவே எடுத்துக்கொண்ட போதிலும், இடைநிலை அளவில் அவர்கள் வாழ்ந்தது 11.6 மாதங்கள், மற்றவர்கள் 8.9 மாதங்கள்.

உணவைப் பற்றி வீட்டில் நடக்கும் சண்டைகள் தேவையற்றவை. நாக்கில் உலோகச் சுவை தட்டும், மணமே குமட்டும். தட்டை நிரப்பி வைத்து இன்னும் ஒரு வாய் என்று கெஞ்சினால் இருக்கும் பசியும் ஓடிவிடும். சிறுசிறு அளவில், அவர்களுக்குப் பிடித்ததை, பிடித்த நேரத்தில் கொடுங்கள். எடை வாரந்தோறும் இறங்கினால் சொல்ல வேண்டிய இடம் மருத்துவமனை.

பங்கும் பொறுப்பும்

உடன்பிறந்தவர்கள் இருந்தால், மருத்துவரிடம் பேசுபவர் ஒருவராகவே இருக்கட்டும். தொலைவில் இருப்பவர் காப்பீட்டு ஆவணங்கள், பணம், உறவினர்களுக்குத் தகவல் சொல்வது ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம். தினமும் தொலைபேசியில் “அந்த மருந்து கொடுத்தார்களா, இந்த மருத்துவமனைக்குப் போனீர்களா?” என்று விசாரிப்பது மட்டும் பங்காகிவிடாது. இரவுக் காவலை ஒருவரே தொடர்ந்து ஏற்றுக்கொள்ளக் கூடாது. தூக்கமில்லாதவர் மருந்தளவைத் தவறாகப் படிப்பார். பெற்றோரிடம் அவர்கள் செய்யக்கூடிய வேலைகளைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். கணக்கு எழுதுவதோ செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதோ அவர்கள் கையிலேயே இருக்கட்டும். நடமாட்டம் குறைந்தால் வலுவும் குறையும்.

சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்கும் முதல் ஸ்கேன் பெரும்பாலும் இரண்டு மூன்று சுற்றுகளுக்குப் பிறகு எடுக்கப்படும். கட்டி சுருங்கவில்லை, அப்படியே இருக்கிறது என்று வந்தாலும் அதை மருத்துவர்கள் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்வார்கள். ஸ்கேனுக்கும் மருத்துவரைச் சந்திப்பதற்கும் இடையிலான நாட்கள்தான் மிகக் கடினமானவை. ஆகவே ஸ்கேனுக்கு நாள் குறிக்கும்போதே மருத்துவரைச் சந்திக்கவும் அடுத்த ஓரிரு நாட்களுக்குள் நேரம் வாங்கிவிடுங்கள். அறிக்கை உங்கள் கைப்பேசிக்கு முன்பே வந்துவிட்டால், அதைப் பிரித்துப் படிப்பதா, மருத்துவர் சொல்லும்வரை காத்திருப்பதா என்பதை அப்பாவிடமோ அம்மாவிடமோ முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.